ஹரிதாஸ் எத்தனை அடி? முழுப் பிரதி தேடுபவர்களுக்குச் சில குறிப்புகள்

"ஹரிதாஸ் அன்கட் உங்ககிட்ட இருக்கா சார்?" மாதம் ஒருமுறையாவது யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய விசிடிகளைக் கிளறுகிறவர்கள், பாட்டுப் புத்தகம் சேர்க்கிறவர்கள், பெர்க்மனையும் டிரையரையும் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு நம்ம ஊர்ப் படங்களின் பக்கம் திரும்பியவர்கள். அவர்களுடைய சந்தேகம் இது: 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம், இன்று கிடைக்கிற பிரதியில் இரண்டு மணி நேரம்கூட நிறைவதில்லை. பாகவதர் படம் அவ்வளவு சின்னதாவா இருக்கும்? "வீடியோ கம்பெனிக்காரன் வெட்டிட்டான்" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கேயோ மலேசியாவில் மூன்று மணி நேரப் பிரிண்ட் ஒன்று இருப்பதாக ஒரு கதை கிளம்பும்.

அந்த மூன்று மணி நேர ஹரிதாஸ் எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை என்பதுதான் என் வாதம். அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஒரு படத்தின் நீளத்தைத் தெரிந்துகொள்வதற்கும் அந்தப் படத்தைப் பற்றி நாம் எழுதும் விமர்சனத்துக்கும் என்ன தொடர்பு என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே வரும்.

முதலில் கணக்கு. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். பேசும் படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஆக, ஒரு நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று 11 நிமிடம் சொச்சம். 15,000 அடிப் படம் என்றால் 2 மணி 47 நிமிடம் என்று உடனே சொல்லிவிடலாம். சென்சார் சான்றிதழில் ரீல் எண்ணிக்கையும் நீளமும் இருக்கும். படம் தொடங்குமுன் திரையில் காட்டப்படுகிற அந்தக் காகிதத்தை யாரும் வாசிப்பதில்லை. எனக்கு அதுதான் படத்தின் முதல் காட்சி. பிற்காலப் படங்களில் நீளம் மீட்டரில் இருக்கும். நிமிடத்துக்கு 27.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். டிவி பிரதிகளில் பெரும்பாலும் இந்தச் சான்றிதழையே முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது, பலரும் தவறவிடுகிற விஷயம். நம்ம ஊர் டிவியும் விசிடியும் பால் முறையில் இயங்குபவை, அதாவது வினாடிக்கு 25 ஃபிரேம். 24 ஃபிரேமில் ஓட வேண்டிய சினிமாவை அதில் ஏற்றும்போது பெரும்பாலும் அப்படியே வேகமாக ஓடவிட்டுவிடுவார்கள். படம் 4 சதவீதம் சுருங்கும். மேலே சொன்ன 15,000 அடிப் படம் 160 நிமிடத்தில் முடிந்துவிடும். 6 நிமிடம் 40 வினாடி காணாமல் போகும், ஆனால் ஒரு ஃபிரேம்கூட வெட்டப்பட்டிருக்காது. "ஆறு நிமிஷத்தைக் காணோம், ஒரு பாட்டைத் தூக்கிட்டாங்க" என்று நடக்கிற சண்டைகளில் பாதி இந்த ஒரு ஃபிரேமால் வருவது.

பாகவதர் விஷயத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. படம் 4 சதவீதம் வேகமாக ஓடினால் ஒலியும் அப்படித்தான் ஓடும். சரி செய்யாவிட்டால் ஸ்ருதி ஏறிவிடும். எவ்வளவு? அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. பாகவதரின் உச்ச ஸ்தாயியைப் பற்றி விசிடியை வைத்துக்கொண்டு கட்டை அளக்கிற ரசிகர்கள் இதைக் கழித்துவிட்டுப் பேசுவது நல்லது. அந்தக் குரல் கழித்த பிறகும் மேலேதான் நிற்கும், அதில் சந்தேகமில்லை.

இப்போது ஹரிதாஸுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலம். கச்சா பிலிம் முழுக்க இறக்குமதி. கப்பல் வருவதே நிச்சயமில்லை. அரசு பிலிமுக்குப் பங்கீடு கொண்டுவந்தது. கதைப் படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. தயாரிப்பாளர்கள் போர் ஆதரவுப் படம் எடுக்கவும் நெருக்கப்பட்டார்கள். டி.ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி', கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரட்சணம்' எல்லாம் அந்தச் சூட்டில் 1945 இல் வந்தவை. இந்த உத்தரவு நடப்பில் இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் 'ஹரிதாஸ்'. 11,000 அடியை 90 ஆல் வகுத்தால் 122 நிமிடம். அதை 25 ஃபிரேமுக்கு மாற்றினால் 117 நிமிடம் சொச்சம். இன்று புழக்கத்தில் இருக்கும் பிரதிகள் ஓடுவது ஏறக்குறைய அந்த 117 நிமிடம்தான்.

நீளம் பொருந்துவதால் மட்டும் ஒவ்வொரு ஃபிரேமும் பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் ஒரு மணி நேரத்தை எவனோ வெட்டி எடுத்துவிட்டான் என்ற கதைக்கு இங்கே இடமே இல்லை. வெட்டியது போர். அதுவும் படம் எடுப்பதற்கு முன்பே வெட்டிவிட்டது.

விமர்சகனாக எனக்கு இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. 'ஹரிதாஸ்' பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் குறை, கதை தாவுகிறது என்பது. குதிரை மேல் பாடிக்கொண்டு வருகிற சுகவாசி. தாய் தந்தையை மதிக்காதவன். ரம்பாவின் வலையில் சொத்தை இழப்பவன். முனிவரை அவமதித்துக் கால்களை இழப்பவன். பிறகு பெற்றோரின் காலடியே கோயில் என்று உணர்பவன். பண்டரிபுரத்துப் புண்டலீகன் கதையின் சாயல். இத்தனை திருப்பமும் இரண்டு மணி நேரத்தில். "மனமாற்றம் ரொம்ப சீக்கிரம் வந்துடுது, நடுவுல ஏதோ போயிருக்கு" என்கிறார்கள்.

நடுவில் எதுவும் போகவில்லை. கதாகாலட்சேபத்தில் பாகவதர் எப்படிக் கதை சொல்வார்? கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் நிகழ்ச்சிகளை இரண்டு வாக்கியத்தில் கடந்துவிட்டு, உணர்ச்சி நிற்கிற இடத்தில் பாட்டைப் பிடித்து உட்கார்ந்துவிடுவார். 'ஹரிதாஸ்' அதே முறையில் நகர்கிறது. பாபநாசம் சிவன் பாட்டும் ஜி. ராமநாதனின் வாத்திய இசையும் கதையின் திருப்பங்களைச் சுமக்கின்றன. இளங்கோவன் வசனம் தேவையான இடத்துக்கு மட்டும் வருகிறது. முப்பதுகளின் படங்களில் பாட்டு கதையை நிறுத்தும். இங்கே பாட்டில்தான் கதை நகர்கிறது. 11,000 அடிக்குள் அடக்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடி இதற்கு உதவியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சுந்தர்ராவ் நட்கர்னிக்கு இன்னும் 6,000 அடி கொடுத்திருந்தால் படம் இன்னும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஒப்பிட வேண்டுமானால் போர்க் கட்டுப்பாடு நீங்கிய பிறகு வந்த 'சந்திரலேகா'வைப் பாருங்கள். 1948. மூன்றரை மணி நேரத்தை நெருங்கும். வாசன் சர்க்கஸ் காட்டுகிறார், முரசு நடனம் காட்டுகிறார், வாள் சண்டை காட்டுகிறார். அந்தத் தாராளம் அந்தப் படத்துக்குப் பொருந்தும். ஹரிதாஸுக்குப் பொருந்தாது.

அடிப் பஞ்சத்தால் ஹரிதாஸ் இழந்ததும் உண்டு. மனைவி லட்சுமியாக வருபவர் என்.சி. வசந்தகோகிலம். அன்றைய கர்நாடக இசை மேடையின் மிக நல்ல குரல்களில் ஒன்று. 1951 இல் இளம் வயதிலேயே போய்விட்டார். அந்தக் குரலுக்குப் படத்தில் கிடைத்த இடம் குறைவு. கலைவாணர்-மதுரம் பகுதிக்கு ஒதுக்கியதில் ஓர் ஐந்நூறு அடியை அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் தோன்றும். ஆனால் இது தயாரிப்பில் எடுத்த முடிவு பற்றிய குறை. பிரதியில் வெட்டு என்று எழுதினால் இந்தக் குறையைச் சொல்லவே முடியாமல் போகும், குற்றம் யாரோ கத்தரிக்கோல்காரன் தலையில் விழுந்துவிடும். என் அக்கறை எல்லாம் இதில்தான்.

அதற்காக நம் படங்களில் கத்தரிக்கோல் படவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மதுரையில் ஓடி முடிந்த பிரிண்ட் அப்புறம் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என்று டூரிங் டாக்கீஸ்களுக்குப் போகும். அங்கே ஒரே புரொஜக்டர். ரீலுக்கு ரீல் நிறுத்தி மாட்டுவார்கள். ஒவ்வொரு ரீலின் தலையும் வாலும் அடிபட்டு, அறுந்து, சிமெண்ட் போட்டு ஒட்டப்பட்டு, ஒட்டும்போதெல்லாம் சில ஃபிரேம் போகும். அந்தத் துண்டுகள்தான் பையன்கள் கைக்கு வந்து, லென்ஸும் கண்ணாடியும் வேட்டித் திரையுமாக வீட்டுச் சினிமா ஆயின. ஆகவே ஒரு பிரதியில் தாவல் தெரிந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து, பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறதா? அது தேய்மானம். பாட்டின் சரணத்துக்கு நடுவில், வசனத்தின் பாதியில் வருகிறதா? அப்போது சந்தேகப்படலாம். சென்சார் வெட்டு பெரும்பாலும் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது; தயாரிப்பாளர் தன் எடிட்டரை வைத்தே அதைச் செய்து, ஒலியைக் கொஞ்சம் சமாளித்திருப்பார். காட்சி முடியுமுன் வாயசைவு மட்டும் தெரிந்து சத்தம் இல்லாமல் போனால் அது சென்சாரின் கைவண்ணம் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 1951 இல் மத்தியத் தணிக்கை வரும்வரை மாகாணத்துக்கு மாகாணம் தனித் தணிக்கை வாரியம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் போன பிரிண்ட் அங்கங்கே தனியாகத் தணிக்கையாகும். அதனால் வெளிநாட்டில் கிடைக்கிற பிரதி என்றாலே முழுசு என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இன்னும் குறைந்ததாகவும் இருக்கலாம்.

நம்ம ஆட்கள் ஸ்காண்டினேவியப் படங்களில் கற்றுக்கொண்ட பழக்கத்தை இங்கே கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறேன். அங்கே இந்த வேட்டைக்கு அருமையான பலன் கிடைத்திருக்கிறது. டேனிஷ் இயக்குநர் டிரையர் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதல் காட்சி. பாரிஸில் வெளியாகுமுன் திருச்சபையும் தணிக்கையும் வெட்டின. அந்த வருஷக் கடைசியில் பெர்லினில் நெகடிவ் எரிந்துபோனது. டிரையர் மிச்சமிருந்த மாற்று ஷாட்களை வைத்து இன்னொரு முறை முழுப் படத்தையும் கோத்தார். அதன் நெகடிவும் தீயில் போனதாகவே கருதப்பட்டது. ஐம்பதுகளில் அந்த இரண்டாவது வடிவத்தின் பிரதி ஒன்று கிடைக்க, அதற்குப் பழைய ஐரோப்பிய சங்கீதத்தை ஒட்டி வெளியிட்டார்கள். டிரையருக்கு அது பிடிக்கவே இல்லை. கடைசியில் 1981 இல் ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் ஒரு மனநல மருத்துவமனையின் சாமான் அறையிலிருந்து பிலிம் டப்பாக்கள் வந்தன. தணிக்கைக்கு முந்தைய முதல் வடிவம்!

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷம் உலகம் முழுக்க அந்தப் படத்தின் குளோஸ்அப்களைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் இயக்குநர் வேண்டாம் என்று ஒதுக்கிய ஷாட்களைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அவர்கள் எழுதியது பொய்யாகிவிடவில்லை. ஃபால்கொனெட்டியின் முகம் இரண்டாவது டேக்கிலும் அந்த முகம்தான். ஆனால் எந்த முகத்துக்குப் பின் எந்த முகம், எவ்வளவு நேரம் என்பதைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. இந்தப் படத்திலும் அதே வேகச் சிக்கல் உண்டு. மௌனப் படம் என்பதால் 20 ஃபிரேமா 24 ஃபிரேமா என்று இன்னும் விவாதம். இரண்டு வேகத்திலும் டிஸ்க் வந்திருக்கிறது: ஒன்று சுமார் 97 நிமிடம், மற்றது சுமார் 82. வெட்டு ஒன்றுமில்லை, பதினைந்து நிமிடம் வித்தியாசம்.

பெர்க்மனின் 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' வேறு மாதிரி. தியேட்டர் வடிவம் 188 நிமிடம், டிவி வடிவம் 312 நிமிடம், இரண்டும் அவரே செய்தவை. இதில் எது அன்கட்? நீளமானது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் நீளமானதையே விரும்புவேன். ஆனால் சின்னதைச் சிதைக்கப்பட்ட பிரதி என்று சொல்ல மாட்டேன்.

டிரையருக்கு மனதில் ஒரு படம் இருந்தது. அதைத் தேடினால் கிடைக்கும். தமிழில் ஆரம்பத்திலேயே 'ஒரு படம்' என்பது அவ்வளவு உறுதியான பொருளாக இருக்கவில்லை. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வந்த 'காளிதாஸ்' தனியாகவா வந்தது? குறத்தி நடனம், தேசபக்திப் பாட்டு என்று துண்டுப் படங்களும் கூட ஓடின. தமிழும் தெலுங்கும் கலந்த பேச்சு. கலைவாணர் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தனியாக எடுத்து, முடிந்த படங்களோடு சேர்த்த கதையும் எல்லோருக்கும் தெரியும். ஒரே டிக்கெட்டில் பெரிய படமும் சின்னப் படமுமாக ஓட்டிய காலம் அது. அந்தக் காலப் படத்தின் 'முழு வடிவம்' என்று எதைச் சொல்வது? அன்றைக்கு அந்த ஊரில் அந்தத் தியேட்டரில் காட்டியதைத்தான் சொல்ல முடியும்.

இங்கே பாட்டுப் புத்தகம் கைகொடுக்கும் என்பார்கள். கொடுக்கும், கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பிடித்தால். பாட்டுப் புத்தகம் படம் வருவதற்கு முன்பே அச்சாகிவிடுகிறது. அதில் இருக்கிற பாட்டு படத்தில் இல்லை என்றால், வெளியீட்டுக்கு முன்பே எடிட்டிங்கில் போயிருக்கலாம். பின்னால் யாரோ வெட்டினார்கள் என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது. அதே படத்தின் இரண்டாவது பதிப்புப் புத்தகம், வேறு ஊரில் அச்சடித்தது, கிடைத்தால்தான் பேச முடியும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததெல்லாம் இன்று சென்னையில் நூலகமாக இருப்பதால் இந்த வேலை ஓரளவு சாத்தியமாகிறது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் தியடோர் பாஸ்கரனும் போட்ட அஸ்திவாரம் இல்லாமல் நாம் யாரும் இந்தக் கணக்கைத் தொடங்கியிருக்கவே முடியாது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஹரிதாஸ்' எடுத்த ராயல் டாக்கி டிஸ்டிரிபியூட்டர்ஸ் நம்ம ஊர்க் கம்பெனி. அதே கம்பெனி 1937 இல் எடுத்தது 'சிந்தாமணி'. ஒய்.வி. ராவ் இயக்கம், பாகவதரும் அஸ்வத்தம்மாவும். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்குச் சிந்தாமணி என்று படத்தின் பெயரையே வைத்தார்கள். படத்துக்காகக் கட்டிய தியேட்டரில் எத்தனையோ படங்கள் ஓடி முடிந்தன. 'சிந்தாமணி'யின் பிரதி இருப்பதாகத் தகவல் இல்லை. ஹரிதாஸின் இல்லாத ஒரு மணி நேரத்துக்காக ஏங்குகிறவர்கள், போர்க் கட்டுப்பாடு எதுவும் இல்லாத காலத்தில் வந்து, உண்மையிலேயே முழுசாகத் தொலைந்துபோன இந்தப் படத்தைத் தேடுவதில்லை. டப்பா பிடிக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போங்கள். அதிர்ஷ்டம் எந்த வடிவத்தில் வரும் என்று சொல்ல முடியாது. 1933 இன் மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா' பிழைத்ததே ஒரு காப்புரிமை வழக்கால். நாவலின் பதிப்பாளர் வழக்குப் போட்டுப் பிரிண்டை எடுத்துக்கொண்டார், ஓடாமல் முடங்கியதால் தேயவில்லை, எழுபதுகளில் பி.கே. நாயர் அதைப் புனே ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். வெற்றிகரமாக ஓடிய படங்கள் ஓடியே தேய்ந்தன.

பழசு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாலு மகேந்திரா தன் கடைசி வருஷங்களில் 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகடிவே இல்லாமல் போய்விட்டதைச் சொல்லிச் சொல்லி, தமிழ்நாட்டுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் கேட்டது எண்பதுகளின் படங்களுக்காக.

ஆகவே பழைய படத்தைப் பற்றி எழுதுகிற நண்பர்களிடம் என் கோரிக்கை: கட்டுரையின் முதல் பத்தியிலேயே எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள், அது எத்தனை நிமிடம், சான்றிதழில் எத்தனை அடி என்று போட்டுவிடுங்கள். ஒரு வரிதான் ஆகும். கதை தாவுகிறது, எடிட்டிங் சரியில்லை என்று எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு கோரிக்கை, மதுரை, திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம் மூடிப்போன தியேட்டர்களின் ஆபரேட்டர் அறைகளைத் தெரிந்தவர்களுக்கு. டப்பாவைத் திறக்காதீர்கள். உள்ளே நைட்ரேட் பிலிம் இருந்தால் அது நெருப்பு. புளிச்ச காடி வாடை அடித்தால் அசிடேட் கெட்டுக்கொண்டிருக்கிறது. அந்தந்த டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, மூடியின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். படத்தின் பெயர், ரீல் எண், அடிக்கணக்கு. முடிந்தால் எந்த டெப்போ முத்திரை என்பதும் தெரிகிற மாதிரி.